குளிச்ச தண்ணி

மூக்கைப் பொத்தாதீங்க சார். இது சாக்கடை நாத்தம் இல்ல. நல்லா மோந்து பாருங்க, ஒரு புளிப்பு வருதுல்லா? கஞ்சித்தண்ணி குழாய்க்குள்ள கெட்டிக் கிடக்க நாத்தம். அந்தா அந்த ஓட்டல்காரன் சோறு வடிச்ச தண்ணிய நேரா குழாயில விடுதான். அது உள்ள போயி பசை மாதிரி ஒட்டும். அதுக்க மேல எண்ணெய் ஒட்டும். அதுக்க மேல தேயிலைச் சக்கை. பிறகு நீங்க பினாயிலைக் குடம் குடமா ஊத்தினாலும் போவாது. பஸ்ஸு கிளம்பட்டும், சரியாயிரும்.

சாருக்கு எங்க, மார்த்தாண்டமா? நானும் அங்கதான். அப்ப நல்லதாப் போச்சு.

எனக்கு இதுதான் தொழிலு. அழுக்குத் தண்ணிய வழிநடத்தி விடுறது. வீட்டுல இல்ல, படகுல. ஆலப்புழைப் பக்கம் காயல்ல ஓடுமே, ரூம் வச்சு, ஏசி வச்சு, டூரிஸ்டு தங்குத படகு, அதுல. வேலை பாக்கேன்னு சொல்ல வந்தேன். பாத்தேன்னு சொல்லணும். இப்ப இல்ல. ஒருத்தன் எனக்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டான். வேத்து ஆளு இல்ல சார். வேத்து ஆளா இருந்தா நான் உங்ககிட்ட இதைச் சொல்லிட்டு இருப்பேனா?

படகுல ரெண்டு தண்ணி உண்டு, பாத்துக்கிடுங்க. ஒண்ணு கக்கூஸ் தண்ணி. அதுக்குத் தனி டாங்கி, தனிக் குழாய். அதை விடுங்க, நீங்க இப்பதான் சாப்பிட்டிருப்பீங்க. ரெண்டாவது, குளிச்ச தண்ணி. குளிக்கது, கை கழுவுறது, பாத்திரம் தேய்க்கது எல்லாம் சேந்து வரும். நம்ம வீட்டுல அதை வாழை மூட்டுல விட்டுருவோம், முடிஞ்சு. படகுல அது நடக்காது. குளிக்க இடமே காயல் மட்டத்துக்குக் கீழ. தண்ணி தானா எங்க ஓடும்? அதனால பலகைக்கு அடியில ஒரு பெட்டி வச்சிருக்கும். எல்லாத் தண்ணியும் சரிஞ்சு வந்து அந்தப் பெட்டியில விழணும். பெட்டிக்குள்ள ஒரு மிதவை. தண்ணி ஏறினா மிதவை ஏறும், பம்பு ஓடும், தண்ணியத் தூக்கி மேல உள்ள வேற டாங்கிக்கு அனுப்பும். கேக்கதுக்கு எளுப்பமா இருக்குல்லா?

மயிரு சார், மயிரு. பொம்பளைங்க குளிச்சா கொத்துக் கொத்தா வரும். சல்லடை எத்தன வச்சாலும் தப்பிச்சு வந்து மிதவையில சுத்திக்கிடும். மிதவை கீழேயே மாட்டிக்கிட்டா, குளிக்க ஆளுக்க கணுக்கால் வரை தண்ணி ஏறும். மேல மாட்டிக்கிட்டா, பம்பு சும்மா ஓடி வெந்துபோவும். ஒரு தடவை வடக்க உள்ள ஒரு புதுப்பொண்ணு குளிமுறியில நின்னு கூப்பாடு போடுது. வேற யாரோ குளிச்ச தண்ணி அவளுக்க காலடியில ஏறி வருது. நான் கமந்து படுத்து, தோள் வரை பெட்டிக்குள்ள கைய விட்டு ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்க, செத்த எலி அளவுக்கு வந்துச்சு. மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு இன்னொண்ணு, டூரிஸ்டு எல்லாம் ஒரு பக்கமா நின்னு போட்டோ எடுப்பாவ. படகு சாயும். சாஞ்சா சரிவு மாறிரும். சரிவு மாறினா தண்ணி வந்த வழியே திரும்பும். இதெல்லாம் நினைச்சுக் குழாய் போடணும். குரியாச்சன் முதலாளிக்க படகுல ஒரு சொட்டு நாத்தம் கிடையாது. யாரு வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

நாத்தம் கிடையாது. அதுக்கு நான்தான் காரணம்.

அந்தப் படகுல சமையலு வில்பிரட். எனக்க கூட்டுக்காரன். ஒரே ஊரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே நாள்ல ரெண்டு பேரும் படிப்பை விட்டோம். நான் முதல்ல அங்க போனேன், முதலாளிட்டச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன். வெங்காயம் உரிக்கத் தெரியாமப் போனவன், பிறகு கரிமீன் பொரிச்சான்னா பக்கத்துப் படகுல உள்ளவன் எட்டிப் பாப்பான். கை ராசி. அதை நான் மறுக்க மாட்டேன்.

அங்கேயே ஒரு பொண்ணைப் பாத்தான். மோளின்னு பேரு. காயலுக்குள்ள ஒரு துருத்து, தீவு மாதிரி, நாலு பக்கமும் தண்ணி, அதுல வீடு. மலையாளத்துப் பொண்ணு வேண்டாம்னு அவனுக்க அப்பா கல்யாணத்துக்கே வரல. மாதா கோயில்ல அப்பன் ஸ்தானத்துல யாரு நின்னா? இந்தச் சிகாமணி நின்னேன் சார். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. ஆனா நின்னேன். சாமியாரு என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சாரு. அவனுக்க மவ ஜின்ஸி என்னை மாமான்னுதான் கூப்பிடும். வீட்டு நடையில இருந்து படி இறங்கினா காயல். படகு வரது தெரிஞ்சாப் போதும், அந்தப் பிள்ள முட்டளவு தண்ணியில இறங்கி நின்னு கையை ஆட்டும்.

இப்ப விசயத்துக்கு வாறேன்.

சீசன்ல தினமும் ஆளு. தினமும் குளி. இந்த டூரிஸ்டு ஏன்தான் இப்படிக் குளிக்குதோ, வீட்டுல தண்ணியே வராதது மாதிரி. டாங்கி டக்குன்னு நிறைஞ்சிரும். நிறைஞ்சா படகை ஜெட்டிக்குக் கொண்டு போவணும், அங்க உறிஞ்சி எடுக்க லாரி வரும், அதுக்கு வரிசையில நிக்கணும். அரைப் பகல் போயிரும். டூரிஸ்டு சும்மா இருப்பானா? காயலைப் பாக்க வந்தவனுக்கு லாரியக் காட்டினா திட்டத்தானே செய்வான். முதலாளி ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "சிகாமணி, நீ மூளையுள்ள ஆளு. இதுக்கு ஒரு வழி ஆலோசிச்சுப் பாரு"ன்னாரு. அவ்வளவுதான். வழி என்னன்னு அவரு வாயால சொல்லல. பெரிய மனுசங்க சொல்ல மாட்டாவ. நாமதான் புரிஞ்சுக்கிடணும்.

நான் புரிஞ்சுக்கிட்டேன். பம்புக்கும் டாங்கிக்கும் நடுவுல ஒரு டி போட்டேன், மூணு வாய் உள்ள குழாய்த் துண்டு. டியில இருந்து ஒரு குழாய், ஒரு வால்வு, நேரா வெளிய. அடுக்களையில மூணாவது பலகைக்கு அடியில. வால்வுக்குக் கைப்பிடி கிடையாது, கழட்டி எனக்க பையில வச்சுக்கிடுவேன். பலகையைப் பொளிச்சுப் பாத்தாலும் சட்டுன்னு தெரியாது. அவ்வளவு நேக்கா இருக்கும். முதலாளி வந்து பாக்கல. ஆனா அந்த மாசம் எனக்கு ஒரு வாட்ச் வாங்கித் தந்தாரு. நல்ல மனுசன் சார்.

சோப்புத் தண்ணிதானே. விஷமா? கக்கூஸ் தண்ணிய நான் ஒரு நாளும் விட்டதில்ல, அது பாவம். இது மனுசன் குளிச்ச தண்ணி. ஆத்துல இறங்கிக் குளிச்சா அந்தச் சோப்பு எங்க போவும்? அதேதான்.

எப்ப திறக்கதுன்னு ஒரு கணக்கு வேணும். நடுக் காயல்ல திறந்தா மத்தப் படகுக்காரன் பாப்பான், நுரை மிதக்கும். அதனால படகைக் கரையில கெட்டுத இடத்துல, விடியும்போ, டூரிஸ்டு எழும்பதுக்கு முன்ன திறப்பேன். எங்க கெட்டுவேன்? வில்பிரட்டுக்க வீட்டுக்கு முன்ன. ஏன்? அவன் ராத்திரி போயி வீட்டுல தூங்கட்டும், பிள்ளைய ஒரு நேரம் பாக்கட்டும்னு. முதலாளிட்ட நான் கேட்டு வாங்கின அனுமதி அது. மத்தச் சமையக்காரனெல்லாம் மாசத்துல ஒரு நாள் வீட்டுக்குப் போனா அதிசயம். இவன் தினமும் பெண்டாட்டி பிள்ளையோட இருந்தான். யாரால? சொல்லுங்க. அந்த நன்றியாவது இருக்கணுமா வேண்டாமா?

வால்வு விசயம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. எனக்கும் அவனுக்கும். அவனுக்க காலுக்குக் கீழல்லா இருக்கு.

ஓணம் கழிஞ்ச உடனே ஒரு நாள் விளையாட்டாப் பேசுத மாதிரி ஆரம்பிச்சான். "மக்கா, உனக்க தண்ணி எனக்க படியில வந்து நிக்குது. மோளி துணி அலசினா துணி வழுவழுன்னு இருக்குன்னு சொல்லுதா." நான் சொன்னேன், "சோப்பைக் கொஞ்சமாப் போடச் சொல்லு." அவனும் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

பிறகு, ஜின்ஸிக்குக் காலெல்லாம் சொறி. முட்டுக்குக் கீழ செவசெவன்னு பொங்கி, சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாப் போச்சு. எனக்கு மனசு கேக்கல. ஊருக்கு வந்தப்ப மெடிக்கல்ல சொல்லி நல்ல களிம்பா வாங்கிட்டுப் போனேன். எனக்க சொந்தக் கையால போட்டு விட்டேன் சார், எனக்க மடியில காலை வச்சு. என்ன பிரயோசனம்? களிம்பு போட்டுட்டு அந்தப் பிள்ள நேரா போயி காயல்ல இறங்கும். பிறகு எப்படி ஆறும்? மோளிட்டச் சொன்னேன், "பிள்ளையத் தண்ணியில விடாத"ன்னு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. சொன்னதைக் கேக்கப்பட்டவ இல்ல. சுத்தித் தண்ணியா இருக்க இடத்துல பிள்ளைய எங்க குளிப்பாட்டன்னு எதிர்க் கேள்வி கேக்கா.

வில்பிரட் அப்பவும் சொன்னான். "வேற எடத்துல கெட்டலாமா மக்கா?" நான் கேட்டேன், "அப்ப நீ வீட்டுக்குப் போவண்டாமா?" அதுக்கு அவன் ஒண்ணும் சொல்லல. பதில் இல்லைன்னா என்ன அர்த்தம்? சம்மதம்னுதானே.

கடைசியா ஒரு விடியக்காலம். நான் கைப்பிடிய எடுத்துட்டு அடுக்களைக்குப் போறேன், இவன் அந்த மூணாவது பலகை மேல நிக்கான். அடுப்பு கூடப் பத்த வைக்கல. சும்மா நிக்கான். "இன்னைக்குத் திறக்காத சிகாமணி"ன்னான். மக்கான்னு சொல்லல, கவனிச்சீங்களா? பேரைச் சொன்னான். டாங்கி கழுத்து வரை நிக்குது, பதினோரு மணிக்கு அடுத்த பார்ட்டி ஏறப் போவுது. நான் சொன்னேன், "மாறி நில்லுலே." அவன் என்னையே பாத்தான். பிறகு மாறி நின்னான்.

மாறித்தான் நின்னான் சார். அதுதான் எனக்கு ஆறல. முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஒரு அடி அடிச்சிருக்கலாம். கூட்டுக்காரனுக்குள்ள அடிச்சுக்கிடுவோம், சாயங்காலம் சேந்து கட்டஞ்சாயா குடிப்போம். மாறி நின்னுட்டு, அன்னைக்கு மத்தியானமும் மீன் தலையை எனக்குன்னு தனியா எடுத்து வச்சான். எனக்குத் தலைதான் இஷ்டம்னு அவனுக்குத் தெரியும். அதுக்குப் பிறகும் எல்லா நாளும் வச்சான். உள்ளுக்குள்ள இப்படி ஒரு நினைப்பை வச்சுக்கிட்டு எப்படி சார் ஒருத்தனுக்கு மீன் தலை எடுத்து வைக்க முடியுது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். படகு நிறைய ஆளு. காலையில பலகாரம் விளம்பிட்டு இருக்கும்போ செக்கிங் படகு வந்து ஒட்டுது. அது வழக்கம்தான். வருவாவ, டாங்கிய எட்டிப் பாப்பாவ, சாயா குடிப்பாவ, போவாவ. அன்னைக்கு ஒரு பொம்பளை ஆபீசர். டாங்கிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா அடுக்களைக்குப் போயி, வில்பிரட்டைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிட்டு, முதல் பலகைய விட்டு, ரெண்டாவது பலகைய விட்டு, மூணாவதைத் தூக்கினாவ. கையில ஸ்பேனர். சார், ஸ்பேனர் கையோட கொண்டு வந்திருக்காவ. வால்வுக்குக் கைப்பிடி இருக்காதுன்னு தெரிஞ்சு, அந்த அளவுக்கே கொண்டு வந்திருக்காவ. ஒரு திருப்பு. வெளிய கொடகொடன்னு கொட்டுது. டூரிஸ்டு எல்லாம் கைப்பிடிக் கம்பியில சாஞ்சு நின்னு பாக்கான். ஒருத்தன் போட்டோ எடுக்கான்.

நான் வில்பிரட்டைப் பாத்தேன். அவன் தேங்கா துருவிட்டு இருந்தான். தலையத் தூக்கல. சிரட்டை வரை துருவிட்டான், பிறகும் துருவுதான்.

முதலாளி வந்தாரு. "எனக்கு ஒண்ணும் அறியாது. இவன் செய்த பணி"ன்னு என்னைக் கை காட்டினாரு. அவரு வேற என்ன சொல்லுவாரு? படகு அவருக்குல்லா. அவரு மாட்டினா அத்தன பேருக்கும் வேலை போவும். நான் தலையை ஆட்டினேன். "ஆமா, நான்தான்"னு சொன்னேன். படகை சீல் வச்சாவ. என்னை அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பினாரு. போவும்போ, "சூடு ஆறட்டும், நான் விளிக்கேன்"னு சொன்னாரு. விளிப்பாரு. இப்ப படகு திரும்ப ஓடுதுன்னு கேள்வி. புது ஆளு யாரோ இருக்கான். இருந்தாலும் விளிப்பாரு.

அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

நான் ஊருக்கு வந்தேன். பெருநாளும் அதுவுமா வீட்டுல வெறுமனே கிடந்தேன். பெண்டாட்டி கேக்கா, என்ன ஆச்சுன்னு. என்னத்தைச் சொல்ல? கண்ண மூடினா அந்தத் தேங்கா துருவுத சத்தம். பொறுக்க முடியல. இன்னைக்கு விடியதுக்கு முன்ன பஸ் ஏறினேன். ஆமா சார், இன்னைக்கேதான். அங்க போயிட்டுத்தான் இப்ப திரும்பி வாறேன். ஒரு வள்ளக்காரன் என்னைத் துருத்துல இறக்கி விட்டுட்டுப் போயிட்டான்.

வில்பிரட் முற்றத்துல இருந்தான். வேலை நாளு, இவன் வீட்டுல இருக்கான். மழைத்தண்ணி பிடிக்க ஒரு தொட்டி கெட்டிட்டு இருந்தான், கையெல்லாம் சிமெண்டு. என்னைப் பாத்ததும் எழும்பினான். "வா"ன்னான். நான் உக்காரல.

"நீதானா?"ன்னு கேட்டேன்.

"நான்தான்."

ஒரு மழுப்பல் இல்ல சார். ஒரு தடுமாற்றம் இல்ல.

"எத்தன ரூவா தந்தாவ?"

"யாரு தருவா?"

"அப்ப முதலாளி உனக்கு எதிரியா? என்னை மாத்திட்டு வேற ஆளை வைக்கணும்னு யாராவது சொன்னாவளா?"

"முதலாளி என்னையும் போவச் சொல்லிட்டாரு. நீயா சொன்னதுன்னு கேட்டாரு. ஆமான்னேன்."

கேட்டீங்களா கதைய? இவனுக்கும் வேலை போயிருக்கு. இவனே போயி ஒத்துக்கிட்டிருக்கான். காசு வாங்கிட்டுச் செய்திருந்தா நான் மனசை ஆத்தியிருப்பேன் சார். வீட்டுல கஷ்டம், புத்தி கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிடலாம். ஒண்ணும் கிடைக்காம, இருந்ததையும் விட்டுட்டு, கூடப் பிறக்காத பிறப்பைக் காட்டிக் குடுக்கதுன்னா, அது என்ன ஜென்மம்?

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"ன்னு கேட்டேன்.

"சொன்னேம்லா"ன்னான்.

"எப்ப சொன்ன?"

அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தான். மோளிதான் உள்ள இருந்து வந்தா. பிள்ளைய இடுப்புல தூக்கிட்டு வந்தா. அது நடக்கப்பட்ட பிள்ள, தூக்க வேண்டிய வயசு இல்ல. ரெண்டு காலும் துணி சுத்தியிருக்கு. "சேட்டா, இது காணு"ன்னு மலையாளத்துல சொல்லி அந்தத் துணிய அவிழ்க்கப் போனா. வில்பிரட் வேண்டாம்னு கைய காட்டினான். நானும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். எனக்கு அந்தப் பிள்ளைய அப்படிப் பாக்க முடியாது சார், எனக்கு இளகின மனசு. ஆனா மனசுக்குள்ள ஒண்ணு கேட்டேன்: இந்தக் காயல்ல எத்தனயோ படகு ஓடுது. எல்லாப் படகும் தண்ணி விடுது. எனக்க தண்ணியிலதான் சொறி வருதுன்னு எந்த டாக்டர் சொன்னான்?

"இனி எனக்க முகத்துல முழிக்காத"ன்னு சொல்லிட்டுத் திரும்பினேன்.

திரும்பி எங்க போவ? அதுதான் சார் கொடுமை. சண்டை போட்டா விறுவிறுன்னு நடந்து போவணும். நாலு பக்கமும் தண்ணி. வந்த வள்ளக்காரன் எப்பவோ போயிட்டான். நான் படியில போயி நின்னேன். வெயிலு மண்டையப் பிளக்குது. வேற வள்ளம் ஏதாவது வருதான்னு பாத்துட்டே நிக்கேன். ஒண்ணும் வரல. எவ்வளவு நேரம் நின்னேனோ, பின்னால சத்தம் கேக்குது. வில்பிரட் கையைக் கழுவிட்டு, அவனுக்க வள்ளத்தை அவிழ்த்து, துழுப்பை எடுத்துட்டு வந்து நிக்கான். ஏறுன்னு சொல்லல. சும்மா வள்ளத்தைப் படியோட சேத்துப் பிடிச்சிட்டு நிக்கான்.

ஏறாம என்ன செய்ய? ஏறினேன். முதுகைக் காட்டி உக்காந்தேன்.

அவன் துழுப்பு போடுதான். சளக், சளக். சின்ன வயசுல நம்ம ஊரு குளத்துல வாழைத்தடையக் கெட்டி மிதந்திருக்கோம் ரெண்டு பேரும். அன்னைக்கும் அவன்தான் துழாவுவான், நான் முன்னால இருப்பேன். அதை நினைச்சேனோ என்னவோ, என்னை அறியாம ஒரு கை தண்ணியில இறங்கிட்டு. குளுகுளுன்னு இருந்துச்சு. அந்த வெயிலுக்கு அது ஒண்ணுதான் ஆறுதலு.

அப்ப பின்னால இருந்து சொல்லுதான். ரொம்ப மெதுவா சொல்லுதான். "மக்கா, தண்ணியில இருந்து கைய எடு."

கேட்டீங்களா? எனக்க பிழைப்பைக் கெடுத்தான், சரி. ஊரு முன்ன தலைகுனிய வச்சான், அதையும் பொறுத்துக்கிடுவேன். ஆனா அந்தத் தண்ணியில நான் கை வைக்கக் கூடாதாம். காயலு என்ன இவனுக்க அப்பன் சொத்தா? எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு சார். கைய எடுக்கவே இல்ல நான். அக்கரை வரது வரை அப்படியே வச்சுக்கிட்டே போனேன்.